பொருளியல் எழுத்தாளராக அண்ணல் அம்பேத்கர்

(கல்விக் கழக வெள்ளி விழாவையொட்டித் தேனியில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வெள்ளி விழா என்பது இருபத்தைந்து ஆண்டு வரவு செலவை எடுத்து வைத்துப் பார்க்கும் நாள். நம் கழகத்தின் வரவிலே மகிழ்ச்சிக்குரியவை பல உண்டு. ஆசிரியராக, செவிலியராக, காவலராக, பொறியாளராக நம் வீடுகளிலிருந்து புறப்பட்ட பிள்ளைகளை நாம் பெருமையோடு எண்ணிப் பார்க்கிறோம். எனினும், பணம், வரி, கடன், விலை, கூலி ஆகியவற்றை ஆராய்ந்து, ஆராய்ந்ததை ஊரறிய எழுதும் எழுத்தாளர் நம்மிடையே மிகவும் அரியர். இந்தக் குறை எத்தகையது, அதை எவ்வாறு நீக்குவது என்று சிந்திப்பதற்காகவே இன்றைய உரைக்கு இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

அண்ணல் அம்பேத்கரை நாம் சட்ட மேதையாக அறிவோம். நம் ஊர்ச் சிலைகளிலெல்லாம் அவர் கையில் இருப்பது அரசியலமைப்புச் சட்ட நூல். ஆனால் அந்த நூல் அவர் கைக்கு வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, அவர் பேனா எழுதிக் குவித்தது நாணயத்தைப் பற்றியும், வரியைப் பற்றியும், நிலத்தைப் பற்றியும் ஆகும். எந்த அரசின் ஏவலுமின்றி, எந்த வணிக நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல், தம் அறிவையும் சான்றுகளையும் மட்டுமே துணையாகக் கொண்டு எழுதிய பொருளியல் எழுத்தாளர் அவர். அந்த எழுத்தாளரின் பின்புலத்தையும் ஈடுபாடுகளையும் அறிவது நமக்கு இன்றியமையாதது.

கணக்கு யார் கையில் இருந்தது?

முதலில் நம் பக்கத்து நிலையைச் சற்றே நினைவுகூர்வோம். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டன. அதுவரை ஊரின் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. எந்த நிலம் யாருடையது, எவ்வளவு தீர்வை, எந்த வயலில் என்ன பயிர் என்பவையெல்லாம் அந்த ஏட்டில் எழுதியபடியே நின்றன. ஏட்டைப் படிக்கத் தெரியாதவன் தன் நிலம் தன்னுடையது என்று நிலைநாட்டவும் பிறர் தயவை நாட வேண்டியிருந்தது. மலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர் கங்காணியிடம் முன்பணம் பெற்றனர். எவ்வளவு பெற்றோம், எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதம் என்பதை எழுதியவன் கங்காணி. கைநாட்டு வைத்தவர் நம்மவர். கணக்கு ஒருவனிடமும் உழைப்பு மற்றொருவனிடமும் இருந்தால் முடிவு என்னவாகும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

கணக்கை எழுத்தாக்கி நீதி கேட்ட வரலாறும் தமிழகத்தில் உண்டு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், 1891இல் அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையின் விளைவாகவே, 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான அரசாணை பிறந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று இதழின் விலையையே பெயராக்கி வெளியிட்டார். இல்லாதவனும் வாங்கிப் படிக்க வேண்டும் என்ற பொருளியல் கருத்து அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. இந்த மரபின் அருகில் வைத்தே நாம் அண்ணலின் பொருளியல் எழுத்தைக் காண வேண்டும்.

அடகு வைத்த நகையும் வாங்கிய நூலும்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மௌ என்னும் படைமுகாம் ஊரில் அண்ணல் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகவும் படைப்பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். ஓய்வூதியத்தை நம்பிய பெருங்குடும்பம். மகன் ஒரு நூல் வேண்டும் என்று கேட்டபோது கையில் பணமில்லாவிடில், மணமாகிச் சென்றுவிட்ட தம் பெண்மக்களிடம் கடன் கேட்பார். அங்கும் பணமில்லையெனில், அவர்தம் நகையைப் பெற்று அடகு வைத்து நூலை வாங்கித் தருவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுத் தருவார். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்த தாய்மார்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். கடன் என்றால் என்ன, வட்டி என்றால் என்ன என்பதைப் பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர், அவற்றை முதலில் கண்டது தம் வீட்டில்தான்.

பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறினார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று 1912இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 11.5 பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்க, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். வரி இயலில் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் எட்வின் செலிக்மன் அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

1915இல் முதுகலைப் பட்டத்துக்கு அண்ணல் எழுதிய ஆய்வு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. இருபத்து நான்கு வயது இளைஞர், தம் நாட்டை ஆண்ட கம்பெனியின் பேரேட்டைப் பிரித்து வைத்து, நிலவரி எவ்வளவு, உப்பு வரி எவ்வளவு, போர்ச் செலவு எவ்வளவு, கடன் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தார். அடுத்து முனைவர் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வே விரிவடைந்து, 1925இல் ‘பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி’ என்னும் நூலாக லண்டனில் வெளிவந்தது. செலிக்மனே அதற்கு முன்னுரை எழுதினார்.

1916இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பல் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது.

அறிவுரைக்கு வந்தவர்கள் திரும்பிய கதை

பரோடா அரசில் அவர் ஏற்ற பணி, தங்குவதற்கு ஓர் இடமும் கிடைக்காத இழிநிலையால் சில நாள்களிலேயே முடிவுற்றது. பம்பாய் திரும்பிய அண்ணல், பிழைப்புக்காக மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்குகளிலும் பத்திரங்களிலும் வணிகம் செய்வோர்க்கு ஆலோசனை வழங்கும் தொழில் ஒன்றையும் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளியல் பயின்றவரின் ஆலோசனையைத் தேடி ஆட்கள் வரவே செய்தனர். பிறகு அவர் எந்தச் சாதியிற் பிறந்தவர் என்ற செய்தி பரவியது. வந்தவர்கள் வராமல் நின்றனர். தொழிலை மூட வேண்டியதாயிற்று.

இளைஞர்கள் இந்த நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்க வேண்டும். பணத்துக்குச் சாதியில்லை, சந்தைக்குச் சாதியில்லை, ஆதாயம் வந்தால் எவன் கையிலிருந்தும் வாங்குவான் வணிகன் என்று சிலர் நமக்குச் சொல்வதுண்டு. அன்றைய பம்பாய்ச் சந்தை தனக்கு ஆதாயம் தரக்கூடிய அறிவையே சாதியின் பெயரால் தள்ளிவிட்டது. சாதி, பொருளியல் கணக்கையும் கெடுக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாயிற்று.

ஆயினும் அண்ணல் எழுதுவதை நிறுத்தவில்லை. 1918இல் இந்தியப் பொருளியல் கழகத்தின் இதழில், இந்தியாவின் சிறு நிலவுடைமைகளும் அவற்றுக்கான பரிகாரமும் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். 1920 ஜனவரி 31இல் ‘மூக் நாயக்’ இதழைத் தொடங்கினார். பின்னர்த் தம் சேமிப்பும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5000 ரூபாய்க் கடனும் கொண்டு, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1921இல் முதுநிலை அறிவியல் பட்டமும், 1923இல் அறிவியற் பேரறிஞர் பட்டமும் பெற்றார். இரண்டாவது பட்டத்துக்குரிய ஆய்வே ‘ரூபாயின் சிக்கல்’ என்னும் புகழ்பெற்ற நூல்.

ரூபாயின் சிக்கல்

அந்த நூல் என்ன சொல்கிறது என்பதை நாம் எளிய முறையில் எடுத்துரைக்க விரும்புகிறோம். 1835 முதல் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் ஒரே வெள்ளி ரூபாய் சட்ட நாணயமாக இருந்தது. வெள்ளி வைத்திருப்பவர் எவரும் அதை அக்கசாலையில் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். 1870களில் செர்மனி முதலிய நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறியதால் வெள்ளியின் விலை சரிந்தது. ரூபாயின் மதிப்பும் உடன் சரிந்தது. ஓய்வூதியம், கடன் வட்டி முதலியவற்றை இங்கிலாந்தில் பவுனாகச் செலுத்த வேண்டியிருந்த இந்திய அரசு திண்டாடியது. 1893இல் அக்கசாலைகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. அதன்பின் ரூபாய் ஒன்றுக்கு 16 பென்சு, அதாவது ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்ற விகிதத்தை அரசு நிலைநிறுத்தியது. எவ்வளவு ரூபாய் அடிப்பது என்பது ஆள்வோரின் விருப்பத்துக்கு உரியதாயிற்று.

இந்த ஏற்பாட்டுக்குத் தங்கப் பரிமாற்றத் திட்டம் என்று பெயர். பிற்காலத்தில் உலகமே போற்றிய கெயின்சு, 1913இல் எழுதிய நூலில் இதை ஆதரித்திருந்தார். மாணவராக இருந்த அண்ணல் அதை மறுத்தார். நாணயம் அடிப்பதற்குச் சட்டத்தால் வரம்பு இல்லையெனில், ஆள்வோர் தம் தேவைக்கேற்ப அடித்துக்கொண்டே போவர். பணம் பெருகப் பெருக விலை ஏறும். விலை ஏறினால் ஏழையின் சோறு சுருங்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். ரூபாய் அடிப்பதை அரசும் மக்களும் ஒருங்கே நிறுத்த வேண்டும், தங்க நாணயம் புழக்கத்துக்கு வர வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன், அவர் கருத்துகள் அனைத்தையும் ஒப்புக்கொள்ளாமலேயே நூலுக்கு முன்னுரை வழங்கினார். ஆசிரியரோடு மாறுபட்டும் ஆசிரியரின் மதிப்பைப் பெறலாம் என்பதற்கு அந்த முன்னுரை ஓர் எடுத்துக்காட்டு.

இந்நூலில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி ஒன்று உண்டு. ரூபாயின் வெளிமதிப்பு குறைந்தால் நாட்டுக்கு நன்மை, ஏற்றுமதி பெருகும் என்று வணிகப் பெருமக்கள் வாதிட்டனர். அந்த ஆதாயம் அயல்நாட்டாரிடமிருந்து வருவதன்று, உள்நாட்டிலேயே ஒரு வகுப்பாரிடமிருந்து மற்றொரு வகுப்பாருக்குப் போவது என்று அண்ணல் காட்டினார். விலைகள் விரைந்து ஏறுகின்றன. கூலியோ மெல்லவே ஏறுகிறது. இடைப்பட்ட காலத்தில் கூலியாளர் இழப்பதே மற்றவரின் ஆதாயம்.

இதை நம் மலைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். குமுளி வழியாகவும், கம்பம்மெட்டு வழியாகவும், போடிமெட்டு வழியாகவும் விடியலில் சீப்புகளில் ஏறி ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் நம் வீட்டுப் பெண்கள். ஏலக்காய் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை பேசப்படுகிறது. ரூபாயின் மதிப்பு டாலருக்கு எதிரே சரியும்போது, ஏற்றுமதி செய்பவர் ஒவ்வொரு டாலருக்கும் கூடுதல் ரூபாய் பெறுகிறார். அன்றைக்கே காய் பறிப்பவளின் நாட்கூலி கூடுவதில்லை. ஆனால் இறக்குமதியாகும் எண்ணெய்க்கு நாடு கூடுதல் ரூபாய் தர வேண்டியிருப்பதால், சமையல் எண்ணெயும் வண்டிக் கட்டணமும் நாளடைவில் ஏறிவிடுகின்றன. நூறாண்டுக்கு முன் லண்டனில் எழுதப்பட்ட நூல், நம் சீப்பில் அமர்ந்திருக்கும் பெண்ணைப் பற்றிப் பேசுகிறது.

தங்கத்தோடு நாணயத்தைப் பிணைக்கும் முறை உலகில் 1971க்குப் பின் மறைந்தது. ஆகவே அண்ணல் கூறிய பரிகாரம் இன்று வரலாறாகிவிட்டது. அவர் எழுப்பிய வினாவோ நிற்கிறது. பணத்தின் மதிப்பைக் காக்கும் பொறுப்புக்குச் சட்ட வரம்பு வேண்டும் என்றார் அவர். 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, விலையேற்றத்தை 4 விழுக்காட்டு அளவில், மேலும் கீழும் 2 விழுக்காட்டு வரம்புக்குள் நிறுத்த வேண்டும் என்று இலக்கு வகுக்கப்பட்டது. வழி வேறாயினும் கவலை ஒன்றே.

மிகைப் புகழ் வேண்டா

இவ்விடத்தில் ஒன்றைக் கூற வேண்டும். ரிசர்வ் வங்கியைத் தோற்றுவித்தவரே அம்பேத்கர்தான் என்று மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் கூறப்படுகிறது. நடந்தது இது: இந்திய நாணயம், நிதி பற்றி ஆராய 1925இல் ஹில்டன் யங் தலைமையில் அரசு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன்முன் அண்ணல் எழுத்து வடிவில் வாக்குமூலம் அளித்து, 1925 டிசம்பர் 15ஆம் நாள் நேரில் சாட்சியமும் கூறினார். அந்த ஆணையம் 1926இல் மைய வங்கி ஒன்றைப் பரிந்துரைத்தது. 1934இல் சட்டம் இயற்றப்பட்டு, 1935 ஏப்ரல் முதல் நாள் ரிசர்வ் வங்கி பணி தொடங்கியது. அதன் பிறப்பில் பலர் கருத்தும் பல அறிக்கைகளும் கலந்துள்ளன.

உண்மையே போதிய பெருமையுடையது. முப்பத்து நான்கு வயதில், பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாத சமுதாயத்திலிருந்து வந்த ஒருவர், பேரரசின் ஆணையத்தின் முன் அமர்ந்து நாட்டின் நாணயத்தைப் பற்றி நிபுணராக விடை பகர்ந்தார். இதற்கு மேல் சாயம் பூசினால், மாற்றார் அந்தச் சாயத்தைச் சுரண்டிக் காட்டி, உண்மையையும் சேர்த்து மறுப்பர். கணக்கெழுதுபவன் ஒரு காசும் கூட்டி எழுதலாகாது. நம் தலைவரைப் பற்றி எழுதும்போதும் அதே நெறியே நமக்கு ஏற்றது.

நிலம் சிறிதா, ஆள் மிகுதியா?

1918ஆம் ஆண்டின் சிறு நிலவுடைமைக் கட்டுரையை விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும். நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதே வறுமைக்குக் காரணம், ஆகவே துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்குக என்று அன்றைய அறிஞர்கள் கூறினர். அண்ணல் வேறு கேள்வி கேட்டார். ஒரு நிலம் பெரிதா சிறிதா என்பதை ஏக்கரைக் கொண்டு சொல்ல முடியுமா? அதில் இடும் முதல் எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்பதை வைத்தல்லவா சொல்ல வேண்டும்? வேறு வேலையில்லாமையால் அளவுக்கு மீறிய மக்கள் நிலத்தையே நம்பிக் கிடக்கின்றனர். அவர்களுக்குத் தொழில் வேண்டும். தொழில் வளர்ந்தால் நிலத்தின் சுமை தானே இறங்கும் என்றார்.

கம்பம் பள்ளத்தாக்கு செழிப்பான பூமி என்று பெயர் பெற்றது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே இறங்கி வருகிறது. 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது என்பது இங்கு ஒவ்வொருவரும் அறிந்த எண். பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு செழிப்புக்கு நடுவில், சொந்த நிலமின்றி நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் அழைக்கப்படும் குடும்பங்கள் எத்தனை? அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய பின் அந்த அழைப்பும் குறைந்துவிட்டதே, அந்த நாள்களின் கூலி எங்கே போயிற்று? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டியவர், வயலோரத்தில் பிறந்து பொருளியல் படித்த நம் பிள்ளையே ஆவார்.

மாகாண நிதியைப் பற்றிய நூலில் அண்ணல் கண்டதும் இதைப் போன்றதே. வரியைத் திரட்டுபவர் யார், செலவிடுபவர் யார், மக்களுக்குப் பொறுப்புச் சொல்பவர் யார் என்று 1833 முதல் 1921 வரை தொடர்ந்து ஆராய்ந்தார். அந்தப் பயிற்சி பிற்காலத்தில் வீண்போகவில்லை. மத்திய அரசும் மாநிலங்களும் வரி வருவாயைப் பகிர்வதற்காக நிதி ஆணையம் அமைக்க வழிசெய்யும் 280ஆம் பிரிவு அரசியலமைப்பில் இடம்பெற்றது. அரசின் கணக்கைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையரே அரசியலமைப்பின் மிக முக்கிய அலுவலராகக் கருதத்தக்கவர் என்னும் கருத்தை அவர் 1949இல் அவையில் வெளியிட்டார். 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தவர் அவர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நம் வாசலில் கிடக்கும் கணக்கு

இவற்றையெல்லாம் கேட்டுக் கைதட்டிக் கலைந்துவிட்டால் பயனில்லை. அவர் எழுத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முறை ஒன்று உண்டு. அரசின் ஏட்டையே சான்றாக எடுத்தார். ஒவ்வொரு ஏற்பாட்டிலும் செலுத்துபவர் யார், பெறுபவர் யார் என்று கேட்டார். எதிர்க்கருத்தின் வலுவான வடிவத்தை முதலில் எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தார். இந்த முறையை நம் தெருவில் செலுத்திப் பார்ப்போம்.

தண்டல்காரரிடம் 10,000 ரூபாய்க் கடன் வாங்குகிறோம். முன்னதாகவே 1000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9000 ரூபாய் தருகிறார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் கட்டி முடிக்க வேண்டும். பத்தாயிரத்துக்கு ஆயிரம், ஆகவே பத்து விழுக்காடுதானே என்று நம் தாய்மார்கள் எண்ணுகின்றனர். ஆனால் அந்த 9000 ரூபாய் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை, நாள்தோறும் குறைகிறது. சராசரியாக நம்மிடம் இருப்பது 4500 ரூபாய் அளவே. அதற்கு 100 நாளில் 1000 ரூபாய் என்றால் 22 விழுக்காடு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 80 விழுக்காடு. நூற்றுக்கு மூன்று வட்டி என்று காதுக்குச் சிறிதாக ஒலிக்கும் மாதவட்டியும் ஆண்டுக்கு 36 விழுக்காடு. மிகை வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. கணக்குத் தெரியாதவனால் அந்தச் சட்டத்தை எடுத்துக்காட்டிப் பேச இயலாது.

வாரந்தோறும் குழுவாகக் கூடிக் கட்டும் நுண்கடனுக்கும் நெறிமுறை உண்டு. ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தரப்படுவதே நுண்கடன். அக்குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்து மாதந்தோறும் திருப்பிக் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. வட்டியும் கட்டணங்களும் அடங்கிய விவரத்தாள் ஒன்றைக் கடன் வாங்குபவர்க்குத் தர வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. இந்த நான்கு செய்திகளையும் எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, மகளிர் குழு கூடும் திண்ணையில் ஒட்டுவது ஒரு பொருளியல் எழுத்தாளரின் பணியல்லவா?

அரசின் வரவு செலவுத் திட்டத்திலும் நமக்குரிய பங்கு இருக்கிறது. 1979இல் தொடங்கிய சிறப்பு உட்கூறுத் திட்டம், நம் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதியை ஒதுக்க வேண்டும் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டில் 2024இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, அது எந்த ஊரில் எந்தப் பணியாயிற்று என்பவற்றை ஆண்டுதோறும் எடுத்து எழுதுவோர் இல்லையெனில், சட்டம் தாளில் உறங்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. அண்ணல் லண்டன் நூலகங்களில் தேடி எடுத்த அரசு அறிக்கைகளைப் போன்றவை, இன்று நம் இளைஞர் கையில் உள்ள தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. எடுத்துப் படிக்கும் பொறுமையே வேண்டும்.

மாணவச் செல்வங்களே! வணிகவியலும் பொருளியலும் நமக்கு உரியவை அல்ல, அவை கடை வைத்திருப்போர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ற எண்ணத்தை விடுங்கள். பட்டயக் கணக்கர் தேர்வைக் கண்டு அஞ்ச வேண்டா. வெளிநாட்டில் உயர்கல்வி பயில நடுவண் அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை 1954 முதல் வழங்கப்படுகிறது. பட்டியல் வகுப்பு மாணவர்க்கு 1944இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகைக்குப் பின்னால், வைசிராய் ஆட்சிக் குழு உறுப்பினராயிருந்த அண்ணலின் முயற்சி இருந்தது. தாம் பெற்ற உதவித்தொகை இடையில் முடிந்ததால் படிப்பை விட்டு வந்த வேதனையை அவர் அறிந்திருந்தார்.

எழுதித்தான் பிழைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. தனித்து நின்று எழுதுபவனுக்கு வருவாய் உறுதியில்லை என்பதையும் மறைக்க மாட்டோம். அண்ணலே கல்லூரிப் பணியும் வழக்குரைஞர் தொழிலும் செய்துகொண்டே எழுதினார். ஆசிரியராக இருங்கள், வங்கியில் இருங்கள், கடை வையுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஊர்க் கணக்கை எழுதுங்கள்.

ஆகவே, இந்த வெள்ளி விழாவில் கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். மாதம் ஒருமுறை நான்கு பக்க மடல் ஒன்றைக் கழகம் வெளியிடட்டும். அதில் அந்த மாதத்து ஏலக்காய் விலையும் தோட்டக் கூலியும் அருகருகே இருக்கட்டும். நகைக்கடனின் வட்டியையும், மூழ்கவிருக்கும் நகையை மீட்கும் வழியையும் ஒருவர் எழுதட்டும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் இறுதி நாளை மற்றொருவர் எழுதட்டும். எழுதுவோர் நம் கல்லூரி மாணவ மாணவியராகவே இருக்கட்டும். அச்சுச் செலவை நாம் பகிர்ந்துகொள்வோம்; அதன் வரவு செலவையும் மடலின் கடைசிப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.

இவ்வாறு தொடங்கினால், கழகம் பொன் விழாக் காணும் நாளில் இதே மேடையில் நின்று, நாட்டின் நாணயத்தைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கின் பெண்பிள்ளை ஒருத்தி எழுதிய நூலை நாம் வெளியிடக்கூடும்.